கடலில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்!

திருச்சிக்காரனுக்குக் கடல் என்றால் இரண்டு விஷயம்தான் தெரியும். ஒன்று, வேளாங்கண்ணி போனால் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கால் நனைப்பது. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் உறையூர் காசிவிளங்கி மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியைத் திறந்ததும் குப்பென்று வரும் வாசனை. நான் குடியிருப்பதோ ஸ்ரீரங்கம். எங்கள் தெருவில் அந்த இரண்டாவது சமாசாரத்துக்கும் வழியில்லை!

'அப்புறம் உனக்கு எதுக்குய்யா கடல் விவகாரம்?' என்று கேட்பீர்கள். என் ஆபீஸ் நண்பர் ஒருத்தரும் அதைத்தான் கேட்டார். நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டேன்: "அம்மா மண்டபம் படித்துறையில நீங்க முங்கி எழுந்த தண்ணி எங்கே போகுது ஸார்?"

"கல்லணைக்கு."

"அதுக்கப்புறம்?"

ஆசாமி விழித்தார். கல்லணையில் பிரிகிற தண்ணீரில் ஒரு பங்கு, கல்லணைக் கால்வாய் வழியாக ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று வயல் வயலாகப் பாய்கிறது. அந்தக் கடைமடை வயல்கள் முடிகிற இடத்தில் பாக் விரிகுடா ஆரம்பம். மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் எல்லாம் அந்தக் கரைதான். நெப்போலியன் தோற்றுப்போனதற்காக நம்ம தஞ்சாவூர் சரபோஜி மன்னர் மனோரா கட்டினாரே, அதே கரை! (எங்கேயோ ஐரோப்பாவில் சண்டை; இங்கே எட்டு மாடி!)

அந்தக் கரைக்கு எதிரே, கடலுக்குள் ஒரு ரிசர்வ் இருக்கிறது. 2022 செப்டம்பர் 21-ல் தமிழக அரசு அறிவித்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர். இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகம். வேலி கிடையாது, கேட் கிடையாது, டிக்கெட் கவுன்ட்டர் கிடையாது. உள்ளே மீன் பிடிக்கப் போகும் நாட்டுப்படகுக்காரரை யாரும் 'போகாதே' என்றும் சொல்வதில்லை.

'இது என்ன பாதுகாப்பு?' என்றுதான் முதலில் தோன்றும். சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

ஆவுளியா என்கிற அப்பாவி

மீனவர்கள் கடற்பசுவை 'ஆவுளியா' என்பார்கள். மூன்று மீட்டர் நீளம், முந்நூறு நானூறு கிலோ கனம். முகத்தைப் பார்த்தால் சம்பளம் லேட்டான குமாஸ்தா மாதிரி ஒரு சோகம். மீன் என்று நினைத்துவிடாதீர்கள். பாலூட்டி. சொந்தக்காரர் யானை! சுத்த சைவம், கடலுக்கடியில் வளரும் புல்லைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காது. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ புல் உள்ளே போகும். எங்கள் தெருவில் குடிவைத்தால் ஆட்சேபணையே வராது.

பிரச்னை என்னவென்றால், இதற்கு நுரையீரல்தான். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். அடியில் கட்டிய வலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். வம்ச விருத்தியும் மந்தம். ஓர் ஆண்டுக்கு மேல் கர்ப்பம், ஒரே ஒரு குட்டி, அடுத்த குட்டிக்குக் குறைந்தது மூன்று வருஷம், சில சமயம் ஏழு வருஷம். பிறப்பதைவிடச் சாவது கொஞ்சம் கூடினாலும் கணக்கு நஷ்டத்தில் முடியும். நாடு முழுக்க மிச்சமிருப்பது சுமார் 240 என்று அரசுக் கணக்கு சொல்கிறது. ஒரு கல்யாணப் பந்தியில் உட்காருகிற கூட்டம்கூட இல்லை!

முதலும் வட்டியும்

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் டெபிட், கிரெடிட்டாகத்தான் தெரியும். அந்தக் கண்ணோடு இந்தக் கடலைப் பார்த்தால் விஷயம் சட்டென்று பிடிபடும்.

கடற்புல் என்பது பாசி இல்லை. வேர், இலை, பூ எல்லாம் உள்ள நிஜமான செடி. இந்தப் பாதுகாப்பகத்துக்குள் மட்டும் 12,000 ஹெக்டேருக்கு மேல் கடற்புல் படுகை இருப்பதாக அரசுக் குறிப்பு. ஆவுளியாவுக்கு அது சாப்பாடு. இறாலுக்கும் நண்டுக்கும் கணவாய்க்கும் ஓரா மீனுக்கும் அது பால்வாடி. குஞ்சுகள் பெரிய மீன் கண்ணில் படாமல் ஒளிந்து வளர்வது அங்கேதான். வளர்ந்ததும் வெளியே வருகின்றன. அங்கே நாட்டுப்படகுக்காரரின் வலை காத்திருக்கிறது.

அதாவது, புல் என்பது முதல். மீன் என்பது வட்டி. வட்டியை எடுத்துச் சாப்பிடுகிறவரை டெபாசிட் பத்திரமாக இருக்கும்.

முதலிலேயே கை வைப்பது எது? இழுவை மடி. விசைப்படகு அந்தக் கனத்த வலையைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனால் புல் வேரோடு வரும், குஞ்சு குளுவானெல்லாம் கூடவே வரும். ஒரே ராத்திரியில் எஃப்.டி.யை உடைத்துச் செலவழிக்கிற வேலை.

1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் இதற்காகத்தான் கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. ஆரம்பத்தில் அந்த எல்லை 3 கடல் மைல். நம்ம கணக்கில் சுமார் ஐந்தரை கிலோமீட்டர். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று முறைவைத்ததும் உண்டு. இனப்பெருக்க காலத்தில் விசைப்படகுக்கு லீவு. 2001-ல் 45 நாளாக ஆரம்பித்து, 2017 முதல் 61 நாளாகிவிட்டது. புத்தகத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ராத்திரி நடுக்கடலில் கோடு தெரிய வேண்டுமே! சட்டத்தை மீறி ஒரு விசைப்படகு உள்ளே வந்தால் கிழிவது நாட்டுப்படகுக்காரரின் வலை, போவது அவருடைய அன்றைய வருமானம். ஆகவே அந்தக் கோட்டைக் காவல் காக்க அவரைவிட அக்கறையுள்ள ஆள் கிடையாது.

முதலில் சட்டம், அப்புறம் பேச்சு

இதைப் புரிந்துகொள்ள நமக்கு நாளாகியிருக்கிறது. தூத்துக்குடிக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. பூங்கா அவசியம்தான், சந்தேகமில்லை. ஆனால் தேசியப் பூங்கா என்றால் 'உள்ளே வராதே' என்று அர்த்தம். தலைமுறை தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி முங்கி, கடல்பாசி எடுத்துப் பிழைத்த ராமநாதபுரம் பெண்கள், கெடுபிடி இறுகியதும் ஒரே நாளில் குற்றவாளி ஆகிவிட்டார்கள். அந்தப் பாசியிலிருந்து வருகிற சரக்கு நீங்களும் நானும் நக்குகிற ஐஸ்க்ரீமுக்குள் இருக்கிறது என்பது வேறு விஷயம்!

அவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. சங்கமாகச் சேர்ந்து பேச்சுவார்த்தைக்குப் போனார்கள். தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவி வேண்டாம், கையால்தான் பறிப்பது என்று. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் அம்மாவுக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது இதற்காகத்தான். விரட்டப்பட்டவருக்கே காவலர் விருது!

பாக் விரிகுடாவில் 2022-ல் எடுத்த வழி வேறு. வனவிலங்குச் சட்டத்தில் 2002 திருத்தம் கொண்டுவந்த 'கன்சர்வேஷன் ரிசர்வ்' என்ற பிரிவைப் பிடித்தார்கள். இதை அறிவிப்பதற்கு முன்னால் உள்ளூர் மக்களைக் கலந்து பேச வேண்டும். நிர்வாகக் கமிட்டியில் ஊராட்சிக்கு ஒரு பிரதிநிதி உட்கார வேண்டும். (அதே சட்டப்படி கமிட்டியில் கால்நடைத் துறைக்கும் ஒரு நாற்காலி உண்டு. பசு என்று வந்துவிட்டால் கடலாக இருந்தாலும் விடமாட்டார்கள்!) முதலில் பேச்சு, அப்புறம் சட்டம். வரிசையை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

நாட்டுப்படகுக்காரரும் முழுக்க நிரபராதி என்று சொல்லமாட்டேன். ஆவுளியா கறி ருசித்த காலம் உண்டு. அவருடைய வலையிலும் அது சிக்கத்தான் செய்கிறது. ஆனால் இப்போது சிக்கினால் வலையை அறுத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு விட்டவர்களுக்கு வனத்துறை வெகுமதி கொடுக்கிறது. மீனவர் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடற்பசு பெயரிலேயே உதவித்தொகை தரும் திட்டமும் நடந்திருக்கிறது. மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு கட்டி, அதில் கடற்புல்லைச் செருகி, அழிந்த இடத்தில் நட்டும் பார்த்திருக்கிறார்கள். நாற்று நடவு, கடலுக்கு அடியில்!

அப்போ... இப்போ!

பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு குட்டித் தீவு. பெயரே 'அப்போ'! 1982-ல் அந்த ஊர் மீனவர்கள், சில்லிமன் பல்கலைக்கழக ஆட்கள் சொன்னதைக் கேட்டு, கரையோரமாக ஒரு துண்டு கடலில் மட்டும் மீன் பிடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். காவலும் அவர்களே. உள்ளே மீன் பெருத்தது. பெருத்தது வெளியே வழிந்தது. வெளியே வலை போட்டவர்களுக்குப் பலன் கிடைத்தது. உலகம் முழுக்க இன்றைக்கும் பாடம் நடத்துகிறார்கள் அதை வைத்து.

பலன் கண்ணில் தெரிந்ததால்தான் அங்கே காவல் நின்றது. இங்கேயும் அதேதான். ரிசர்வ் வந்த பிறகு தன் வலையில் நாலு நண்டு கூட விழுந்தால், வலையை அறுக்க அவர் யோசிக்கமாட்டார். வலை அறுந்த நஷ்டம் மட்டும் கைக்கு வந்து, லாபம் எல்லாம் இழுவை மடிக்குப் போனால், எத்தனை போர்டு வைத்தாலும் ஆவுளியா பிழைக்காது. மாதச் சம்பளக்காரர்களான நமக்கு இது புரியாதா என்ன? மேனேஜரே ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடாமல் லேட்டாக வரும் ஆபீஸில், எந்த குமாஸ்தா பத்து மணிக்கு சீட்டில் இருப்பான்?

"அதெல்லாம் சரி, நான் என்ன பண்ணணும்?" என்றார் நண்பர். பெரிதாக ஒன்றுமில்லை. மார்க்கெட்டில் விரல் நீளக் குஞ்சு மீனையும், வயிற்றில் முட்டை ஒட்டியிருக்கிற நண்டையும் கூறு கட்டி மலிவாக வைத்திருப்பார்கள். அதை வாங்காதீர்கள். வாங்குவதற்கு ஆள் இல்லையென்றால் பிடிப்பதற்கும் ஆள் இருக்காது.

நண்பர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்டுக் கூறைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முட்டை இல்லையென்று உறுதி செய்துகொண்டுதான் வாங்கினாராம். "ஸார், இதென்ன மீன் மார்க்கெட்டா, ஆடிட் ஆபீஸா?" என்று கடைக்காரம்மா கேட்டதாகக் கேள்வி!