கல்லறையில ஒரு கண்ணாமூச்சி!

கையில செல்போன், காலில ஷூ, மனசுல கொஞ்சம் தில். புதையல் வேட்டைக்கு இது போதும் பாஸ்! ஆனா, புதையலைத் தேடிப் போற இடம் நூறு வருஷத்துக் கல்லறைத் தோட்டம்னா?

‘ஐயையோ, நான் வரலைப்பா’னு ஜகா வாங்காதீங்க. அமெரிக்க கிராமங்கள்ல இது பட்டப்பகல்ல, குடும்பத்தோட ஆடுற ஆட்டம். பேரு, ஜியோகேச்சிங்.

பக்கெட்டில் பிறந்த ஆட்டம்!

ஜி.பி.எஸ். சிக்னல்ல அமெரிக்க ராணுவம் ரொம்ப நாளா வேணும்னே ஒரு பிழையைக் கலந்து வெச்சிருந்தது. பொதுமக்கள் கையில இருந்த கருவி 100 மீட்டர் வரைக்கும் தப்பா வழி காட்டும். 2000 மே மாசத் தொடக்கத்துல அந்தப் பிழையை நிறுத்தினாங்க. உடனே, மே 3-ம் தேதி, டேவ் உல்மர்ங்கிறவர் ஆரிகன் மாநிலத்துல ஒரு பக்கெட்டை ஒளிச்சு வெச்சு, அட்சரேகை, தீர்க்கரேகையை இன்டர்நெட்ல போட்டார். ‘முடிஞ்சா கண்டுபிடிங்க!’ - ஆட்டம் ஸ்டார்ட். இன்னிக்கு உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேல பெட்டிகள் ஒளிஞ்சிருக்கு.

ரூல்ஸ் சிம்பிள். பெட்டியைக் கண்டுபிடிங்க. உள்ளே இருக்கிற நோட்டுல பேர் எழுதுங்க. ஏதாவது எடுத்தா, ஏதாவது வைங்க. ஆட்டம் தெரியாம வேடிக்கை பார்க்கிறவங்களுக்கு ‘மகிள்’னு பட்டப்பேர். ஆமா, ஹாரி பாட்டர்ல இருந்து சுட்டதுதான்!

கல்லறை எதுக்கு?

ஊரே காலியாகி, சர்ச்சும் இடிஞ்சு, கல்லறைத் தோட்டம் மட்டும் மிச்சம் நிக்கிற இடங்கள் அங்கே நிறைய. அந்த ஊரோட சரித்திரப் புத்தகமே அந்தக் கல்லுங்கதான். ஆட்டுக்குட்டி செதுக்கியிருந்தா பெரும்பாலும் குழந்தையோட கல்லறை. வெட்டின மரம் மாதிரி கல் நின்னா, ‘உட்மென் ஆஃப் தி வேர்ல்ட்’ சங்கத்து உறுப்பினரா இருக்கலாம். 1918 கடைசி மாசங்கள்ல சின்ன வயசுக்காரங்க கல்லுங்க வரிசையா இருந்தா, அந்த ஊருக்குள்ள இன்ஃப்ளூயன்ஸா புகுந்திருக்கோனு யோசிங்க.

இதை வெச்சே கணக்குப் போட வைக்கிறாங்க. உதாரணத்துக்கு, ஒரு கல்லுல 1847 - 1903னு இருக்கு. பிறந்த வருஷத்தோட கடைசி எண் 7, இறந்த வருஷத்தோட கடைசி எண் 3. அட்சரேகையோட கடைசி ரெண்டு இலக்கம் 73! இன்னொரு கல்லுல இருந்து தீர்க்கரேகை. ரெண்டையும் சேர்த்தா, பெட்டி இருக்கிற இடம் கல்லறைக்கு வெளியே, ரோட்டோர வேலிக்குப் பக்கத்துல வந்து நிக்கும். கல்லறைக்குள்ளே உங்களுக்கு வாசிக்கிற வேலை மட்டும்தான்.

சட்டசபை வரைக்கும் போன சண்டை!

எல்லாரும் இவ்வளவு நல்ல பிள்ளைங்களா? அங்கேதான் சிக்கல். 2005-ல தெற்கு கரோலினா மாநில சட்டசபைக்கு ஒரு மசோதா வந்தது. உரிமையாளரோட அனுமதி இல்லாம கல்லறைகள்லயும் தொல்லியல் இடங்கள்லயும் ஜியோகேச்சிங் ஆடினா குற்றம்! கீழவை ஓகே சொல்லிடுச்சு. மேலவையில நிறைவேறாததால சட்டமாகலை.

ஆனா, அந்தக் கோபத்துல நியாயம் இருக்கு. அந்த மாநிலக் கடலோரத்துல கல்லா கீச்சி மக்கள் வாழறாங்க. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களோட வம்சம். அவங்களோட பழைய கல்லறைகள் பலதுல பேர் வெட்டின கல்லே கிடையாது. மரப்பலகை, சாதாரணக் கல், கிளிஞ்சல், இறந்தவங்க கடைசியா பயன்படுத்தின தட்டு, கோப்பை, பாட்டில்... இதுதான் அடையாளம். சில பாத்திரங்களை வேணும்னே உடைச்சு வெப்பாங்க.

இப்ப யோசிங்க. புதையல் தேடி வர்ற ஒருத்தருக்கு உடைஞ்ச தட்டு குப்பையாத் தெரியும். பாட்டிலைப் பார்த்தா ‘இதுதான் பெட்டியோ’னு கை போகும். நகர்த்திட்டா, அங்கே ஒருத்தர் புதைஞ்சிருக்கார்ங்கிற ஒரே சாட்சியும் போச்சு. தெரியாம செஞ்சாலும் இழப்பு இழப்புதானே? பேரே இல்லாத கல்லறையைப் பத்தி யார்கிட்ட போய்க் கேட்கிறது?

ஆட்டக்காரங்களும் சும்மா இல்லை. நில உரிமையாளர் அனுமதி வேணும், இஷ்டத்துக்குக் குழி தோண்டக் கூடாதுனு ஜியோகேச்சிங்ல விதி இருக்கு. 2002-ல இருந்து, கூட்டமாக் கிளம்பிப் போய் பொது இடங்கள்ல குப்பை பொறுக்குற நிகழ்ச்சிகளும் நடக்குது. கல்லறையில மட்டும் எதைப் பொறுக்கலாம்னு தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டுப் பொறுக்கணும்!

போறீங்களா? இதைப் படிங்க!

* பகல்ல போங்க. அடக்கம் நடந்தா சத்தமில்லாம திரும்பிடுங்க.
* கல்லுல சாயாதீங்க, உட்காராதீங்க. பழைய கல் வெளியில ஸ்ட்ராங்கா தெரியும். அடியில ஆட்டம் கண்டிருக்கும்.
* எழுத்து மங்கலா இருக்கா? சாக்பீஸ், ஷேவிங் கிரீம், கம்பி பிரஷ் மூணுக்கும் தடா! ஒரு கண்ணாடியால வெயிலைப் பக்கவாட்டுல அடிங்க. எழுத்து நிழலோட பளிச்னு எழும்பும்.
* கிளிஞ்சல், தட்டு, பொம்மை எதையும் தொடாதீங்க. போட்டோ போதும்.
* பெட்டி வைக்கணுமா? சுவருக்கு வெளியே, அனுமதியோட.

பெட்டி கிடைக்கலைனா கவலையே வேணாம் பாஸ், அடுத்த வாரம் திரும்பப் போய்த் தேடிக்கலாம். ஆனா, நகர்த்தின கிளிஞ்சல் எந்தக் கல்லறையோடதுனு எந்த ஜி.பி.எஸ்ஸும் சொல்லாது!