மௌனம் மருந்தாகாது

எச்.ஐ.வி. தொற்றினைப் பொறுத்தவரையில், இலங்கை இன்றும் பாதிப்புக் குறைந்த நாடுகளின் வரிசையிலேயே இருக்கின்றது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை இல்லாதொழித்த நாடென 2019 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அங்கீகாரமும் நமக்குக் கிடைத்தது. ஆயினும், 2022 ஆம் ஆண்டில் புதிதாக இனங்காணப்பட்டோர் தொகை 600 ஐத் தாண்டியமையும், 15 முதல் 24 வயது வரையான ஆண்களிடையே தொற்று அதிகரித்து வருவதாகச் சுகாதார அதிகாரிகள் எச்சரித்துள்ளமையும் கவலைக்குரியனவாகும்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் இந்த எச்சரிக்கை உரிய கவனத்தைப் பெற்றுள்ளதா? மார்க்கப் பற்றும் குடும்ப ஒழுங்கும் இளைஞருக்கு அரண் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அதனையே காரணமாகக் காட்டி, 'இது நமது ஊருக்குரிய நோயன்று' என வாளாவிருப்பது ஆபத்தானது. பருவ வயதின் ஐயங்களைப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்க முடியாத பிள்ளை, கைத்தொலைபேசியில் விடை தேடுகின்றது. அங்கு கிடைப்பது எல்லாம் அறிவு அல்ல.

பாதுகாப்பற்ற பாலுறவு, தொற்றுள்ள இரத்தம், பகிர்ந்துகொள்ளப்படும் ஊசி, சிகிச்சை பெறாத தாய் ஆகியனவே இவ்வைரசு பரவும் வழிகள். ஒரே தட்டில் உண்பதாலோ, கைகொடுத்து ஸலாம் சொல்வதாலோ, ஒரே ஹவ்ழில் வுழூச் செய்வதாலோ இது தொற்றுவதில்லை. துஷ்பிரயோகத்துக்குள்ளான சிறுவரும், கணவனிடமிருந்து தொற்றுக்குள்ளாகும் இளம் மனைவியும் எவ்விதத் தவறும் இழைத்தவர்கள் அல்லர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

மௌனத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அது, நோயை இனத்தின்மீது சுமத்தும் வழக்கமாகும். ஹெயிட்டியர் இரத்த தானம் செய்யலாகாது என 1990 இல் அமெரிக்க அதிகாரிகள் விதித்தபோது, நியூயோர்க் வீதிகளில் பல்லாயிரவர் திரண்டு எதிர்த்தனர். நமது மாவட்டத்தில், 2018 பெப்ரவரியில், முஸ்லிம் உணவகமொன்றில் மலட்டு மருந்து கலக்கப்பட்டதாகப் பரவிய வதந்தியால் அம்பாறை நகரப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பரிசோதனையில் அவ்வாறான மருந்து எதுவும் கண்டறியப்படவில்லை. 2020 இல் கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட வேதனையும் ஆறவில்லை. இவ்வாறு காயப்பட்ட சமூகம், ஒரு பிள்ளையின் தொற்று முழு இனத்துக்கும் இழுக்காகிவிடுமென அஞ்சுவது இயல்பே. ஆனால், அந்த அச்சத்துக்கு விலை கொடுப்பவன், பரிசோதனைக்குச் செல்லத் தயங்கும் இளைஞனே.

ஒதுக்கிவைக்கும் வழக்கம் ஓர் இனத்துக்கு மட்டும் உரியதன்று. எயிட்ஸ் வதந்தியின் பேரில் குளியாப்பிட்டியில் சிறுவன் ஒருவனுக்குப் பாடசாலைக் கதவுகள் மூடப்பட்டன. அவனுக்குத் தொற்றே இருக்கவில்லை. எச்.ஐ.வி. யைக் காரணங்காட்டி எந்தப் பிள்ளையின் கல்வியுரிமையும் மறுக்கப்படலாகாது என்பதை உயர் நீதிமன்றம் 2016 ஏப்ரலில் உறுதிப்படுத்தியது. சட்டம் தெளிவாகவே உள்ளது. மாற வேண்டியது ஊரின் மனமே.

இன்று இந்நோய் மரண தண்டனையன்று. அரச சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், இரகசியமும் பேணப்படுகின்றது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையில் இருப்பவரிடமிருந்து பாலுறவின் மூலம் பிறருக்குத் தொற்றுவதில்லை. ஆனால், உரிய காலத்தில் பரிசோதிக்காதவருக்கு இவற்றால் பயனில்லை.

உகண்டாவில் முஸ்லிம் வைத்தியர்கள் இமாம்களுக்குப் பயிற்சியளித்து, பள்ளிவாசல்கள் வழியாகவே விழிப்புணர்வைக் கொண்டுசென்றனர். அதற்காக மார்க்கத்தை விட்டுக்கொடுக்க நேரவில்லை. நமது ஊர்களிலும் உலமாக்களும் வைத்தியர்களும் அதிபர்களும் ஓரிடத்தில் அமர்ந்து, வயதுக்கேற்ற அறிவை எவ்வாறு வழங்குவதெனத் தீர்மானித்தல் வேண்டும். ஜும்ஆ மேடையில் ஒழுக்கத்தை வலியுறுத்தும் அதே குரல், நோயுற்றவரை இழிவுபடுத்தலாகாது என்பதையும் சொல்லட்டும். நமது பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பை வெட்கத்திடம் ஒப்படைத்துவிட்டு நாம் விலகிவிட முடியாது.