ஜெனிவா சொல்லிவிட்டது, அப்புறம்?

மார்ச்சோ அக்டோபரோ, ஜெனிவாவில் மனித உரிமைப் பேரவை கூடினால் தமிழ்ப் பத்திரிகைகளில் இலங்கைத் தீர்மானம் தலைப்புச் செய்தியாகிவிடும். இந்தியா எந்தப் பக்கம், கொழும்பு ஏற்குமா மறுக்குமா என்று இரண்டு வாரம் பேச்சு ஓடும். பிறகு எல்லாம் அடங்கி, ‘ஐ.நா. சொல்லி யார் கேட்டார்கள்?’ என்ற அலுப்பு மட்டும் மிஞ்சும். அந்த அலுப்பில் நியாயம் உண்டு. ஆனால் சர்வதேச மனித உரிமைச் சட்டம் எங்கே வேலை செய்கிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்று புரிந்துகொள்ளத் தீர்மானங்கள் அவ்வளவாக உதவாது. தனிமனிதர்களின் வழக்குகள் உதவும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜெனிவாவில் ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. மனித உரிமைப் பேரவையில் உட்காருபவை 47 அரசுகள். ஓட்டு, பேரம், கூட்டணி எல்லாம் உள்ள அரசியல் மேடை அது. மனித உரிமைக் குழு வேறு. 1966-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையைக் கண்காணிக்கும் 18 நிபுணர்கள் அதன் உறுப்பினர்கள். இவர்கள் தம் நாட்டு அரசின் குரலாகப் பேசக் கூடாது. அந்த உடன்படிக்கையோடு ‘விருப்ப நெறிமுறை’ என்றொரு துணை ஆவணம் உண்டு. அதிலும் ஒரு நாடு கையெழுத்திட்டுச் சேர்ந்திருந்தால், உரிமை பறிபோன தனிமனிதர் நேரே குழுவுக்கு மனு அனுப்பலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. உள்நாட்டு நீதிமன்றப் படிகளையெல்லாம் ஏறி முடித்திருக்க வேண்டும், மொட்டைக் கடிதமாக இருக்கக் கூடாது.

இலங்கை 1980-இல் உடன்படிக்கையிலும் 1997-இல் நெறிமுறையிலும் சேர்ந்தது. அந்த வழியாக ஜெனிவா போய்ச் சேர்ந்ததுதான் சட்டப் புத்தகங்களில் சிங்கராசா வழக்கு என்று பேர் பெற்ற வழக்கு.

1993 ஜூலையில் மட்டக்களப்புப் பகுதியில் நடந்த ஒரு சுற்றிவளைப்பில், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தமிழர் பிடிபட்டார். நான்கு ராணுவ முகாம்களைத் தாக்கியதில் பங்கு என்பது குற்றச்சாட்டு. ஆதாரம் என்று கொழும்பு மேல் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது ஒரு வாக்குமூலம் மட்டுமே. அவருக்குத் தெரிந்த மொழி தமிழ். வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சாகியிருந்தது. மொழிபெயர்த்தவர் ஒரு போலீஸ்காரர். அடியில் இருந்தது கைதியின் கைநாட்டு. சாதாரணச் சட்டப்படி போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது. ஆனால் 1979-இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிக் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரி முன் கொடுத்தால் செல்லும் என்கிறது. அத்தோடு விடவில்லை. மிரட்டி வாங்கியது என்றால் அதைக் குற்றம் சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும் என்கிறது. அறைக்குள் அவரும் போலீசும் மட்டும் இருந்தபோது நடந்ததை யாரை வைத்து நிரூபிப்பது? 1995-இல் 50 ஆண்டுச் சிறை விதித்தார்கள். மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. 2000-இல் உச்ச நீதிமன்றம் மேற்கொண்டு விசாரிக்க மறுத்துவிட்டது.

2004 ஜூலையில் மனித உரிமைக் குழு தன் முடிவைச் சொன்னது. நியாயமான விசாரணை நடக்கவில்லை. வாக்குமூலம் தானாக முன்வந்து கொடுத்தது என்று நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்புதான். அந்தச் சுமையைக் கைதியின் தலையில் ஏற்றியது உடன்படிக்கைக்கு விரோதம். அவரை விடுவிக்க வேண்டும், இல்லையேல் மறுவிசாரணை நடத்த வேண்டும். இழப்பீடும் கொடுக்க வேண்டும். இவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் இதற்குத் தீர்ப்பு என்ற தகுதி இல்லை. குழு வெளியிடுவது கருத்துரை. நிறைவேற்றி வைக்க அமீனா கிடையாது, ஜப்தி கிடையாது. 2008-இல் குழு தன் முடிவுகளுக்கு நீதித்துறைத் தன்மை உண்டென்றும், அரசுகள் நல்லெண்ணத்தோடு ஒத்துழைக்கக் கடமைப்பட்டவை என்றும் விளக்கம் வெளியிட்டது. அதற்கு மேல் போக அதற்கு வழியில்லை.

சிறையிலிருந்தவரின் வக்கீல்கள் அந்தக் கருத்துரையை எடுத்துக்கொண்டு மறுபடி கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்கே போனார்கள். 2006 செப்டம்பரில் தலைமை நீதிபதி சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றாமல் ஜனாதிபதியின் கையெழுத்தால் மட்டும் குடிமக்களுக்குப் புதிய உரிமைகள் வந்துவிடாது என்பது ஒரு காரணம். அதில் பெரிய புதுமை இல்லை. சர்வதேச ஒப்பந்தமும் உள்நாட்டுச் சட்டமும் தனித்தனி என்று கருதும் நாடுகள் எல்லாமே, இந்தியா உட்பட, பொதுவாக அப்படித்தான் சொல்லும். நீதிமன்றம் அதோடு நிற்கவில்லை. 1997-இல் நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரணானது, நாட்டின் நீதி அதிகாரத்தை வெளியாருக்குத் தூக்கிக் கொடுத்த செயல் என்றது. கருத்துரை சொல்லும் குழுவை மேல்முறையீட்டு நீதிமன்றம்போல் எண்ணிக்கொண்டு போட்ட தடை இது என்று சட்ட அறிஞர்கள் பலர் விமர்சித்தார்கள். எனக்கும் அந்த விமர்சனம் சரியென்றே படுகிறது. மனுவைத் தள்ளுபடி செய்ய முதல் காரணமே போதும்.

விளைவு விசித்திரமானது. உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டி ஒப்பந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று ஒப்பந்தங்கள் பற்றிய 1969-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை சொல்கிறது. இலங்கையும் நெறிமுறையிலிருந்து விலகவில்லை. ஆகவே ஜெனிவாவின் கணக்கில் அந்த நாடு கடமைப்பட்டது. கொழும்பின் கணக்கில் அந்தக் கடமையை யாரும் கேட்டு வாங்க முடியாது.

இதே குழு, இதே நெறிமுறை, வேறு முடிவு: ஆஸ்திரேலியா. 1991 டிசம்பர் 25 அன்று அந்த நாட்டுக்கு நெறிமுறை நடைமுறைக்கு வந்தது. அன்றைய தேதியிட்டே டாஸ்மேனியாவைச் சேர்ந்த நிக்கோலஸ் டூனன் மனு எழுதினார். ஆணும் ஆணும் விரும்பிக் கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய மாநிலச் சட்டம் தன் அந்தரங்க உரிமையை மீறுகிறது என்பது அவர் வாதம். 1994 மார்ச்சில் குழு அவர் பக்கம் நின்றது. மாநில அரசு அசையவில்லை. மத்திய அரசு அதே ஆண்டு ஒரு சட்டம் போட்டு மாநிலச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. வழக்கு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போக, 1997-இல் டாஸ்மேனியா தானாகவே அந்தப் பிரிவுகளை நீக்கியது. ஜெனிவாவின் கை இங்கே நீண்டுவிடவில்லை. கருத்துரையைப் பிடித்துக்கொண்டு இழுக்க உள்ளூரில் ஓர் இயக்கமும், தயாரான ஒரு மத்திய அரசும் இருந்தன.

மனித உரிமை ஒப்பந்தங்களால் உண்மையில் பயனுண்டா என்ற விவாதத்தைச் சூடேற்றியது யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஊனா ஹாத்தவே 2002-இல் எழுதிய கட்டுரை. 166 நாடுகள், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், சித்திரவதை முதல் நியாயமான விசாரணை வரை ஐந்து துறைகள் என்று எண்களை அடுக்கிப் பார்த்தார். ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் சேராதவற்றைவிட நன்றாக நடந்துகொள்கின்றன என்பதற்கு அவர் கணக்கில் ஆதாரம் கிடைக்கவில்லை. சில இடங்களில் மோசமாகவே நடந்துகொண்டன. அவர் தந்த விளக்கம்: கையெழுத்துப் போடுவதே நல்ல பெயர் வாங்கித் தருகிறது, அந்தப் பெயர் வெளி அழுத்தத்தைக் குறைக்கிறது, கண்காணிப்போ பலவீனம். ரயன் குட்மேனும் டெரெக் ஜிங்க்ஸும் உடனே மறுத்து எழுதினார்கள். ஒரு நாடு கொஞ்சம் திறந்துவிட்டால் அத்துமீறல் பற்றிய செய்திகள் கூடுதலாக வெளிவரும். செய்தி கூடுவதை வைத்துக் கொடுமை கூடியது என்று கணக்குப் போடலாமா என்பது அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று.

2009-இல் வந்த பெத் சிம்மன்ஸின் புத்தகம் கேள்வியையே கொஞ்சம் நகர்த்தியது. உறுதியான ஜனநாயகங்களுக்கு ஒப்பந்தம் புதிதாக அதிகம் தருவதில்லை. முரட்டுச் சர்வாதிகாரத்தில் அதைக் கையில் எடுக்கவே ஆளிருக்காது. இரண்டுக்கும் நடுவே, ஓரளவு நீதிமன்றமும் ஓரளவு பேச்சுரிமையும் உள்ள நாடுகளில்தான் வக்கீல்களும் பெண்கள் அமைப்புகளும் ஒப்பந்தத்தை ஆயுதமாக்குகிறார்கள் என்றார். சிகாகோவின் எரிக் போஸ்னருக்கு இதெல்லாம் ஆசை வார்த்தை. நல்ல போலீசும் சம்பளம் வாங்கும் நீதிபதியும் இல்லாத நாட்டில் ஒப்பந்தங்களைக் குவித்து என்ன பயன் என்று 2014-இல் எழுதினார்.

நான் சிம்மன்ஸ் பக்கம்தான் சாய்கிறேன், முழுதாக அல்ல. 2006-இன் இலங்கை அவர் சொல்லும் நடுத்தர நாடு. வக்கீல்கள் இருந்தார்கள், அமைப்புகள் இருந்தன, ஒப்பந்தத்தைக் கையில் எடுக்கவும் செய்தார்கள். நீதிமன்றமே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டது.

அதே தாழ்ப்பாளை இந்திய உச்ச நீதிமன்றம் ஒருமுறை தானே திறந்தது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போன ஓர் அரசுத் திட்ட ஊழியர் 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் போட்டது விசாகா வழக்கு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கென்று அப்போது நம் நாட்டில் தனிச் சட்டமே கிடையாது. ஆனால் பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான உடன்படிக்கையில் 1993-இல் இந்தியா சேர்ந்திருந்தது. உள்நாட்டுச் சட்டம் எதுவும் குறுக்கே நிற்காதபோது, அடிப்படை உரிமைகளுக்குப் பொருள் சொல்ல அந்த உடன்படிக்கையைத் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று 1997 ஆகஸ்டில் நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான அமர்வு சொன்னது. நாடாளுமன்றம் சட்டம் போடும்வரை இதுதான் சட்டம் என்று விதிமுறைகளையும் வகுத்தது. சட்டம் வர 2013 ஆனது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது அதன் விதி. கல்லூரித் தாழ்வாரத்திலும் அலுவலக அறிவிப்புப் பலகையிலும் அந்தக் குழுவின் பெயர்ப் பட்டியலை ஒட்டியிருப்பார்கள். இன்றைக்கும் பேச்சில் அது ‘விசாகா கமிட்டி’தான். எத்தனை இடத்தில் அது பெயருக்கு இருக்கிறது என்பது வேறு கதை.

நீதிமன்றம் வழிவிடாத இடத்தில் சந்தை சில சமயம் வழி விடும். வளரும் நாடுகள் சில சர்வதேச ஒப்பந்தங்களை மதித்து நடந்தால் அவற்றின் சரக்குக்கு ஐரோப்பிய ஒன்றியம் வரிச்சலுகை தருகிறது. ஜிஎஸ்பி பிளஸ் என்று இலங்கைப் பத்திரிகைகளில் அடிபடுவது இதுதான். ஆயத்த ஆடைத் தொழிலுக்கு முக்கியமானது. 2007-இல் இலங்கை நாடாளுமன்றம் குடிமை, அரசியல் உரிமைகள் சட்டம் ஒன்றை இயற்றியதற்குப் பின்னால் இந்தச் சலுகை பற்றிய கவலையும் இருந்தது. உடன்படிக்கையின் சில துண்டுகளே அதில் இடம்பெற்றன, பிரஸ்ஸல்ஸ் திருப்தியடையவில்லை. 2010 ஆகஸ்டில் சலுகை நின்றது. 2017-இல் திரும்பக் கிடைத்தது. அந்த 2007 சட்டத்தில் மதவெறுப்பைத் தூண்டுவதற்கு எதிரான ஒரு பிரிவு இருக்கிறது. 2019-இல் ஒரு சிறுகதை எழுதியதற்காக ஒரு சிங்கள எழுத்தாளரை அந்தப் பிரிவின் கீழ்தான் கைதுசெய்து நான்கு மாதங்களுக்கு மேல் உள்ளே வைத்தார்கள். கருத்துரிமையைக் காக்க எழுதிய உடன்படிக்கையின் பெயரில்! வாக்குமூலத்தை ஏற்கும் பயங்கரவாதத் தடைச் சட்டப் பிரிவோ 2022 திருத்தத்துக்குப் பிறகும் அப்படியே நின்றது.

இந்தியாவின் நிலை என்ன? 1979-இல் உடன்படிக்கையில் சேர்ந்தோம், விருப்ப நெறிமுறையில் சேரவில்லை. ஆகவே சென்னையிலிருந்து ஒருவர் இந்தியாவுக்கு எதிராக மனித உரிமைக் குழுவுக்கு மனு அனுப்ப முடியாது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதலாம். அவர்கள் அரசிடம் விளக்கம் கேட்பார்கள், அவ்வளவுதான். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997 அக்டோபரில் கையெழுத்துப் போட்டோம், இன்னும் உறுதிப்படுத்தவில்லை. காவல் நிலையச் சாவு நடக்கும்போதெல்லாம் இது பேச்சுக்கு வரும், பிறகு மறக்கப்படும்.

ஆனால் உறுதிப்படுத்தாததற்கும் ஒரு விலை இருக்கிறது. 1995 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதங்களை வீசிய வழக்கில் தேடப்படும் முக்கிய நபர் டென்மார்க் நாட்டவர். அவரை ஒப்படைக்கக் கேட்டு இந்தியா பல ஆண்டுகளாக முயல்கிறது. இங்கே அனுப்பினால் அவர் சித்திரவதைக்கு ஆளாகும் அபாயம் உண்டென்று சொல்லி 2011-இல் டென்மார்க் நீதிமன்றம் மறுத்தது. சித்திரவதைக்கு எதிராகச் சட்டம் இல்லாததால் வெளிநாடுகளிலிருந்து ஆட்களைத் திரும்பப் பெறுவது கடினமாகிறது என்று 2017-இல் நம் சட்ட ஆணையமே தன் 273-ஆவது அறிக்கையில் எடுத்துக்காட்டி, உடன்படிக்கையை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மசோதாவையும் எழுதிக் கொடுத்தது. 2024-இல் டென்மார்க் நீதிமன்றம் மறுபடியும் கைவிரித்தது.