'பீப்' கேட்ட கேள்வி!

குட்டீஸ்... 'நேற்று மாலை, 4 மணிக்கு உன் மனம் எப்படி இருந்தது?' என்று கேட்டால், சரியாகச் சொல்வீர்களா? மறந்திருக்கும்!

இதற்கு, 1970களில் ஒரு வழி கண்டார், அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழக உளவியல் அறிஞர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி. பள்ளி மாணவர்களிடம், 'பேஜர்' கருவி தரப்பட்டது. ஒரு வாரம், எதிர்பாராத நேரங்களில் அது, 'பீப்' என ஒலிக்கும். உடனே, எங்கே இருக்கிறோம், என்ன செய்கிறோம், மனம் எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும்.

பெரியவர்களை விட, மாணவர்களின் மகிழ்ச்சியும், சோகமும் சட்டென ஏறி, சட்டென இறங்குவது தெரிந்தது. அது குறையல்ல என்றது, 1980ல் வெளியான ஆய்வு.

அதனால், காலையில் அழுதீர்களா? கவலை வேண்டாம், மாலைக்குள் சிரிப்பு வரலாம். ஒரு வாரம் எழுதித்தான் பாருங்களேன்!