அடைப்பு இடப்பக்கம், முடக்கம் வலப்பக்கமும்

அக்டோபர் 29 உலகப் பக்கவாத தினம். மருத்துவமனை விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. கூடவே வாசகர் கடிதங்களும். பலரின் குழப்பம் ஒன்றுதான்: "ஸ்கேனில் சின்னப் பாதிப்புதான் என்றார்கள். பிறகு ஏன் அப்பாவால் இத்தனையும் முடியவில்லை?"

ரிப்போர்ட்டில் வரும் 'சிறியது' என்ற சொல், செத்த திசுவின் அளவை மட்டுமே சொல்கிறது. நோயாளி எதை இழந்தார் என்பதை அல்ல.

மூளையில் ஓரிடம் அடிபட்டால், அதனோடு நரம்பிழைகளால் இணைந்த தொலைதூரப் பகுதியும் அடங்கிப்போகும் என்று 1914-ல் எழுதினார் சூரிச் நரம்பியல் மருத்துவர் கான்ஸ்டான்டின் வான் மொனாக்கோவ். 'டயாஸ்கிசிஸ்' என்று பெயரும் வைத்தார். கண்ணால் பார்க்க அன்று கருவி இல்லை. 1980 வாக்கில் பெட் ஸ்கேன் காட்டிக்கொடுத்தது: பெருமூளையின் இடப்பக்கம் அடைப்பு, ஆனால் பின்மண்டையில், வலப்பக்கச் சிறுமூளையிலும் ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. அங்கே குழாய் எதுவும் அடைபடவில்லை. பெருமூளையிலிருந்து எதிர்ப்பக்கச் சிறுமூளைக்குப் போகும் சேதி நின்றுவிட்டது, அவ்வளவுதான். மில் மூடியதும் எதிரே இருக்கும் டீக்கடை படுத்துவிடுவதில்லையா? பால் இருக்கிறது, அடுப்பும் இருக்கிறது, ஆள்தான் வரவில்லை.

மூளைப் பகுதிகளை இணைக்கும் பாதை மட்டும் அறுந்தாலும் விளைவு விநோதம். சிலர் நாம் சொல்வதைப் புரிந்துகொள்வார்கள், தாமாகச் சரளமாகவும் பேசுவார்கள். "இதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள்" என்றால் மட்டும் தடுமாறுவார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. பக்கவாதத்துக்குப் பின் நல்ல பாதி மற்றதை அளவுக்கு மீறி அடக்குகிறது, அதைக் காந்தத் தூண்டலால் தணித்தால் கை மீளும் என்றொரு வாதம் உண்டு. கேட்க அழகுதான். அதைச் சோதித்து 2018-ல் வெளியான 'நிச்' ஆய்வில் நிஜச் சிகிச்சை பெற்றவர்களிலும் போலிச் சிகிச்சை பெற்றவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் முன்னேறினர். இரு குழுவுக்கும் கைப்பயிற்சி தரப்பட்டிருந்தது. காந்தத்துக்குப் பணம் கட்டும் முன் இதை விசாரியுங்கள்.

அடங்கிய பகுதி மீளுமா? பலருக்கு ஓரளவு மீளும்; முதல் மூன்று மாதங்களில் வேகம் அதிகம்.

இணைப்பு அறுந்தது ஸ்கேனில் தெரியுமா? ஆராய்ச்சிக் கூடத்தில் தெரியும். வழக்கமான ரிப்போர்ட்டில் வராது.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவான கெடு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம். முகம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.