மாஸ்க் எலாஸ்டிக் ஏன் பிஞ்சு வருது?

அவசரமா கிளம்பும்போது மாஸ்க்கை இழுத்து மாட்டுறீங்க. எலாஸ்டிக் 'டப்'புனு கையோட வந்துடுது. தூக்கிப் போடறதுக்கு முன்னாடி, பிஞ்ச இடத்தை ஒரு நிமிஷம் பாருங்க. அங்க நூல் இல்லை, பசையும் இல்லை. சின்னதா ஒரு புள்ளிதான். அதை ஒட்ட வைத்தது நம் காதுக்குக் கேட்காத அதிர்வு. இதற்குப் பெயர் அல்ட்ராசோனிக் பாண்டிங்.

மாஸ்க் துணி நெய்யாத துணி, அதாவது நான்வோவன். பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் இழைகள். சுமார் 160 முதல் 165 டிகிரி செல்சியஸில் உருகிடும். மெஷினில் மேலே 'ஹார்ன்', கீழே 'ஆன்வில்', நடுவில் துணி. ஹார்ன் பொதுவாக நொடிக்கு 20,000 தடவை அதிரும். அசைவு என்னவோ ஒரு தலைமுடி தடிமன் அளவுக்குத்தான்! ஆனால் அந்த அதிர்வில் இழைகள் உரசி, உள்ளுக்குள்ளேயே சூடாகி, உருகி ஒட்டிக்கொள்ளும்.

நம் கையில் இருக்கும் கன்ட்ரோல் மூன்று: அதிர்வின் வீச்சு, அழுத்தம், நேரம். மூன்றும் குறைந்தால் இழைகள் சரியாக உருகாது. இழுத்தால் இரண்டு லேயரும் தனித்தனியா உரிஞ்சு வந்துடும்.

எங்கள் ப்ராஜெக்ட்டில் முதல் சாம்பிள்கள் இப்படித்தான் உரிஞ்சுது. "நேரத்தைக் கூட்டுடா, சரியாயிடும்"னு கூட்டினோம். வலிமை ஏறிச்சு. இன்னும் கூட்டினோம், இறங்கிடுச்சு! ரிவ்யூவுக்கு ரெண்டே நாள். குழம்பிப்போய் கிழிந்த சாம்பிளைப் பார்த்தால், ஒட்டிய புள்ளி அப்படியே இருக்கு. அதைச் சுற்றி இருந்த துணிதான் கிழிஞ்சிருக்கு.

காரணம் இதுதான். இழை தயாராகும்போதே இழுக்கப்படுவதால் அதன் மூலக்கூறுகள் ஒரே திசையில் அடுங்கியிருக்கும். அதுதான் அதன் பலம். அதிகமாக உருக்கினால் அந்த அடுக்கு கலைந்து, புள்ளி பிளாஸ்டிக் தாள் மாதிரி விறைத்துவிடும். அதன் ஓரத்தில் இழைகள் மெலிந்து பலவீனமாகும். இழுவை முழுக்க அந்த ஓரத்தில்தான் விழும். அழுத்தம் ரொம்ப கூடினாலும் உருகியது வெளியே பிதுங்கி ஓட்டை விழலாம்.

வலிமை மட்டும் பார்த்தால் போதாது. ஒட்டிய பரப்பு கூடக்கூட காற்று போக இடம் குறையும், துணியும் முரடாகும். அப்புறம் ஏன் தைக்கக் கூடாது? ஆபரேஷன் கவுனில் ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் ரத்தம் கசிய ஒரு வழி. அதனால்தான் இந்த மெனக்கெடல். ஒன்று மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க: சுத்தமான பருத்தி உருகாது, அதனால் இந்த வித்தை அதனிடம் பலிக்காது.

இனி மாஸ்க் பிஞ்சா திட்டாம பாருங்க. புள்ளியே உரிஞ்சு வந்தா, சூடு பத்தலை. புள்ளி நின்னு பக்கத்துல கிழிஞ்சா, சூடு மிஞ்சிப்போச்சு. எங்களுக்கு ஒரு செமஸ்டர் ஆச்சு, உங்களுக்கு ஒரு நிமிஷம் போதும்!