கல்லுக்குள் மீன் தேடுகிறீர்களா?

சுத்தியலைப் பையிலேயே வைத்துவிடுங்கள். ஜவ்வாது மலையின் பாறைகள் பெரும்பாலும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானவை. பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. மீனும் மரமும் அப்போது பிறக்கவேயில்லை.

கல்மரம் பார்க்க ஆசையா? விழுப்புரம் மாவட்டத் திருவக்கரைக்குப் போங்கள். வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்த மரங்கள், வரியும் கணுவும் மாறாமல், சுமார் 2 கோடி ஆண்டுகளாகக் கிடக்கின்றன. தொட்டால்தான் கல்லென்று தெரியும். கல்லாகிப்போன சுருள் ஓட்டுக் கடலுயிர்களுக்கு அரியலூர்.

ஜவ்வாது மலையில் வேறொன்று உண்டு. சாமை விதைக்க உழும்போது வழவழப்பான கல் ஏதாவது தட்டுப்பட்டால், அது புதிய கற்காலத்தவர் தேய்த்துச் செய்த கற்கோடரியாக இருக்கலாம். சில ஊர்களில் அதைச் சாமியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். பார்க்கலாம், எடுத்துப் போக வேண்டாம்.